பழைய பதிப்புகளும் இணையக் கடைகளும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், கேட்ட மாத்திரத்தில் இச்சபைக்குப் பொருந்தாதது போலத் தோன்றலாம். இணையத்திற் கடை நடத்துவதற்கென உலகெங்கும் உள்ளோர் பலர் கூடி எழுதி, விலையின்றி வழங்கும் திறமூல மென்பொருள்கள் சில உள. அவற்றுட் பெரும்பாலானவை பி.எச்.பி. எனப்படும் கணினி மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழிக்குப் புதிய பதிப்புகள் வெளிவர வெளிவர, 'இனிமேல் இன்ன பழைய பதிப்பில் எமது மென்பொருள் இயங்காது' என்று அதனை ஆக்குவோர் அறிவிக்கின்றனர். அறிவித்தவுடன் ஒரு சாரார் மகிழ்கின்றனர். மற்றொரு சாரார் முறையிடுகின்றனர். இவ்வழக்கில் நியாயம் எவர் பக்கம் என்பதே நமது பேச்சின் பொருள். மாணவராகிய நாம் நீதிபதிகள் அல்லோம். ஆயினும் வழக்கின் கட்டுகளைப் பொறுமையாகப் படித்துப் பார்த்திருக்கின்றோம் என்ற அளவிலே பேசத் துணிந்தோம்.

பெரியோர் ஒரு கேள்வி கேட்பர். அது நியாயமான கேள்வியே. 'நேற்று வரை குறைவின்றி ஓடிய கடை இன்று ஏன் ஓடாது? இரும்பாயின் துருப்பிடிக்கும், மரமாயிற் செல் அரிக்கும். எழுத்தினால் ஆன மென்பொருளுக்கு என்ன கேடு வந்தது?' என்பர். எழுத்துக்கு ஒரு கேடும் இல்லை. அவ்வெழுத்தை வாசித்து நிறைவேற்றும் மொழிபெயர்ப்பாளன் மாறிவிடுகின்றான். பி.எச்.பி. என்பது அந்த மொழிபெயர்ப்பாளனே. கடையின் மென்பொருள் ஒரு கட்டளையை எழுதி வைக்கின்றது. சேவர் எனப்படும் கணினியில் இருக்கும் பி.எச்.பி. அக்கட்டளையை ஒவ்வொரு தடவையும் புதிதாக வாசித்து நடத்துகின்றது. வாசிப்பவன் மாறினால், அன்று எழுதிய சொல்லுக்கு இன்று வேறு பொருள் கொள்ளக்கூடும். அல்லது அச்சொல்லே தெரியாதென்று வேலையை நிறுத்திவிடக்கூடும்.

இம்மொழியின் பிறப்பு மிக எளியது. கிறீன்லாந்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ராஸ்மஸ் லெர்டோர்ப் என்பவர், இணையத்தில் தாம் வைத்திருந்த தன்விவரக் குறிப்பை எத்தனை பேர் வந்து பார்க்கின்றனர் என்று அறிய விரும்பிச் சில சிறு கருவிகளை எழுதினார். 1995 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவற்றைப் பலருக்கும் பயன்படுமாறு வெளியிட்டார். பின்னர் இஸ்ரவேலின் ஹைபா நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் இருவர், அன்டி குட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி என்போர், அதனை ஏறத்தாழ முழுவதும் புதிதாக எழுதி, 1998 இல் மூன்றாம் பதிப்பு வெளிவரக் காரணராயினர். தம் பல்கலைக்கழகப் பாட வேலைக்காக இணையக் கடை ஒன்றை எழுத முயன்றபோது இருந்த மொழி போதவில்லை என்று கண்டே அவர்கள் இதில் இறங்கினர் என்பது குறிக்கத்தக்கது. கடையும் இம்மொழியும் தொடக்க நாளிலேயே உறவு பூண்டவை.

இன்று, எந்த மொழியில் இயங்குகின்றன என்று அறியக்கூடிய இணையத்தளங்களுள் நான்கில் மூன்று பங்கு அளவானவை பி.எச்.பி.யில் இயங்குவனவே. நமது நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்கென இலங்கை இளைஞர் இரவு பகலாக எழுதிய 'சஹானா' என்னும் திறமூல மென்பொருளும் முதலில் பி.எச்.பி.யிலேயே எழுதப்பட்டது. இது வழக்கிற்கு வெளியே உள்ள செய்தி; சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நான்காம் பதிப்பு 2000 ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. அதே ஆண்டிலே ஜேர்மனியில் ஹரால்ட் பொன்சே டி லியோன் என்பவர் ஓ.எஸ்.கொமேர்ஸ் என்னும் கடை மென்பொருளைத் தொடக்கினார். விலையின்றிக் கிடைத்தமையால் எத்தனையோ சிறு வணிகர் அதனை ஏற்றனர். அதன் உள்ளே ஒரு பழக்கம் இருந்தது. அக்காலத்துப் பி.எச்.பி.யில், வாடிக்கைக்காரர் படிவத்தில் எழுதி அனுப்பும் ஒவ்வொரு சொல்லும், மென்பொருளின் உள்ளே தானாகவே ஒரு மாறியாகிவிடும். எழுதுவோர்க்கு இது மிக்க வசதி. ஆனால் இதன் மறுபக்கத்தை நோக்குக. கடவுச்சொல் சரியாயின் 'அனுமதி' என்னும் மாறியில் 'ஆம்' என்று இடுக என ஒருவர் எழுதியிருக்கின்றார். தொடக்கத்தில் அம்மாறியில் 'இல்லை' என்று இட மறந்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். முகவரியின் ஈற்றில் 'அனுமதி சமன் ஆம்' என்று தட்டச்சுச் செய்பவன் எவனாயினும் கடவுச்சொல் இன்றியே உள்ளே வந்துவிடுவான்!

இந்த ஆபத்தைக் கண்டு 2002 ஏப்ரிலில் வந்த 4.2 ஆம் பதிப்பில், அந்த வசதி சொல்லாமலே அடைக்கப்பட்டிருக்கும், வேண்டுவோர் திறந்துகொள்ளலாம் என்று மாற்றினர். ஓ.எஸ்.கொமேர்ஸ் அதை நம்பியே எழுதப்பட்டிருந்தமையால், கடைக்காரர் அக்கதவைத் திறந்து வைக்க வேண்டியவராயினர். அவர்களுக்கு இடம் வாடகைக்குக் கொடுத்த ஹோஸ்ற்றிங் கம்பனிகளும் திறந்தே வைத்தன. 2012 மார்ச்சில் வந்த 5.4 ஆம் பதிப்பிலேதான் அக்கதவு சுவராயிற்று. ஆபத்து என்று அறிந்து பத்து ஆண்டுகள்! 'பழைய கடைகள் உடைந்துவிடுமே' என்னும் இரக்கமே இத்தாமதத்திற்குக் காரணம். அந்த இரக்கத்தினால் பயனடைந்தோர் கடைக்காரர் மாத்திரம் அல்லர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இவ்வழக்கின் மிகச் சுவையான கட்டத்திற்கு வருவோம். ஐந்தாம் பதிப்பு 2004 யூலையில் வெளியாயிற்று. எல்லா வகையிலும் மேம்பட்டது. மூன்று ஆண்டுகள் சென்றும் பலர் நான்காம் பதிப்பை விட்டு அசையவில்லை. ஏனென்று ஹோஸ்ற்றிங் கம்பனிகளைக் கேட்டால், 'எமது வாடிக்கைக்காரர் பாவிக்கும் மென்பொருள்கள் யாவும் நான்கிலே ஓடுகின்றன; ஐந்திற்கு மாறி ஏன் வீண் தலையிடி?' என்றனர். மென்பொருள் எழுதுவோரைக் கேட்டால், 'ஹோஸ்ற்றிங் கம்பனிகள் நான்கையே வைத்திருக்கின்றன. நாம் ஐந்திற்கு எழுதினால் எவர் பாவிப்பர்?' என்றனர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருவரும் வாசலிலே நின்றனர்.

2007 யூலையில், துறூப்பல் முதலிய மென்பொருள்களின் ஆக்குநர் சிலர் கூடி ஒரு சூழ்ச்சி செய்தனர். சூழ்ச்சி என்பதை நல்ல பொருளிலே சொல்கின்றோம். 2008 பெப்ரவரி 5 ஆம் நாளுக்குப் பின் தாம் வெளியிடும் புதிய பதிப்புகள் எவையும் 5.2 இற்குக் கீழே இயங்கா என்று ஒரே நாளைக் குறித்து எல்லோரும் கையொப்பமிட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட மென்பொருள்கள் அதிற் சேர்ந்தன. தனியாக ஒருவர் இதனைச் செய்திருப்பின், வாடிக்கைக்காரர் அவரை விட்டு அயலவரிடம் போயிருப்பர். எல்லோரும் ஒரே நாளிற் செய்தமையால் போவதற்கு அயல் இல்லை. கையொப்பம் தொடங்கிச் சில நாட்களுள், பி.எச்.பி.யை ஆக்குவோரும் நான்காம் பதிப்பின் பராமரிப்பு அவ்வாண்டு இறுதியுடன் முடியும் என்றும், பாதுகாப்புத் திருத்தங்கள் மாத்திரம் 2008 ஓகஸ்ட் 8 வரை கிடைக்கும் என்றும் அறிவித்தனர். நான்காம் பதிப்பின் கதை அத்துடன் முடிந்தது.

வேர்ட்பிறெஸ் அக்கூட்டில் சேரவில்லை. அதன் தலைவர் மற் முல்லன்வெக், ஐந்தாம் பதிப்பை மக்களே விரும்பி ஏற்கவில்லை, பாவிப்போரை வற்புறுத்துதல் தகாது என்ற கருத்தினராக இருந்தார். 2010 யூலையில் முன்னறிவித்தல் கொடுத்து, 2011 யூலையில் 3.2 ஆம் பதிப்புடன் அவர்களும் நான்கைக் கைவிட்டனர். கிட்டத்தட்ட மூன்றரை ஆண்டு பிந்தினர். ஆனால் ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்தனர். இவ்விரண்டு வழிகளுள் எது சிறந்தது என்று நம்முள்ளே ஒரு மாலை முழுவதும் வாதாடினோம். முந்தியது துணிவு; பிந்தியது நிதானம். பாவிப்போர் கோடிக்கணக்கில் இருக்கும்போது நிதானத்தைக் குறை சொல்வது எளிதன்று என்பதே நம்மிற் பெரும்பாலோர் கருத்து.

ஏழாம், எட்டாம் பதிப்புகளின் மாற்றங்களை எல்லாம் சொல்ல நேரமில்லை. இரண்டை மாத்திரம் சொல்வோம். ஆறாம் பதிப்பு எங்கே என்று கேட்போருக்கு: அது பல ஆண்டு முயற்சியின் பின் 2010 இற் கைவிடப்பட்டது, பிறவாமலே போன பிள்ளை.

முதலாவது, எம்கிறிப்ற் என்னும் நூலகம். இரகசிய விவரங்களைப் பூட்டி வைப்பதற்கு மஜென்ரோ என்னும் கடை மென்பொருளின் முதற் பதிப்பு இதனை நம்பியிருந்தது. அந்நூலகத்தின் மூலத்தை 2007 இற்குப் பின் எவரும் திருத்தவில்லை. பூட்டுச் செய்தவன் கடையை மூடிப் பத்தாண்டு சென்றபின், 2017 நவெம்பரில் வந்த 7.2 ஆம் பதிப்பில் பி.எச்.பி. அதனை வெளியேற்றியது. எவர் குறை சொல்லமுடியும்?

இரண்டாவது மிக நுண்ணியது. 2020 நவெம்பரில் வந்த எட்டாம் பதிப்பிற்கு முன்னர், இலக்கமல்லாத ஒரு சொல்லைப் பூச்சியத்துடன் தளர்வான முறையில் ஒப்பிட்டால், இரண்டும் சமம் என்று பி.எச்.பி. சொல்லும். கழிவுக் குறிச்சொல் 'பொங்கல்' என்று வாடிக்கைக்காரர் எழுதினால், அது பூச்சியமா என்று கேட்பின் 'ஆம்' என்னும்! எட்டாம் பதிப்பு 'இல்லை' என்கின்றது, இதுவே சரி. ஆனால் பழைய விடையை நம்பி எழுதிய கடை மென்பொருள் ஒன்று புதிய பதிப்பில் நின்றுவிடாது. வழமை போல ஓடும். கழிவு கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமலோ, கிடைக்கக் கூடாதவருக்குக் கிடைத்தோ, மாத முடிவிற் கணக்கு மாத்திரம் பிழைக்கும். சத்தமிட்டு உடைவதை எவரும் கண்டுபிடிப்பர். சத்தமின்றி மாறுவதே வணிகருக்கு ஆபத்து. ஆகவே புதிய பதிப்புக்கு மாறுவது ஒரு பொத்தானை அமுக்கும் வேலை என்று இளைஞர் எவரும் பெரியோருக்குச் சொல்லவேண்டாம். அது கணக்குப் பார்த்துச் செய்யவேண்டிய வேலை.

மென்பொருள் ஆக்குவோர் ஏன் பழையதைக் கைவிட விரும்புகின்றனர்? சோம்பல் என்று சிலர் சொல்வர். வேலையைப் பார்த்தோர் அப்படிச் சொல்லார். ஒவ்வொரு திருத்தத்தையும் தாம் ஆதரிக்கும் ஒவ்வொரு பி.எச்.பி. பதிப்பிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வாறு ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கருவிக்கும் பதிப்புகள் உண்டு. பி.எச்.பி.யூனிற் என்னும் அக்கருவியின் ஐந்தாம் பதிப்பு 5.6 இல் இயங்கும். அதன் பத்தாம் பதிப்புக்கு 8.1 வேண்டும். இரு கரைகளையும் ஒருங்கே பிடிக்க விரும்புவோர், சோதனைகளை இரண்டு மூன்று விதமாக எழுதவோ இடையிலே பாலம் அமைக்கவோ வேண்டியிருக்கின்றது. வேர்ட்பிறெஸ் ஆக்குநர் அவ்வாறே பாலம் அமைத்தனர். இவ்வேலை செய்வோரிற் பலர் சம்பளம் இன்றி, தம் சொந்த நேரத்திற் செய்கின்றனர். பி.எச்.பி. மொழியையே மிகச் சிலர் தாங்கி நின்றனர் என்பது 2021 இல் அவர்களுட் தலையாய ஒருவர் வேறு வேலைக்குப் போகத் தீர்மானித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அதன் பின்னரே அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது.

இனிக் கடைகளின் பக்கம் வருவோம். வேர்ட்பிறெஸின் மேலே இயங்கும் வூகொமேர்ஸ் 2011 இல் வெளியானது. 2023 ஒக்ரோபரில் வந்த அதன் 8.2 ஆம் பதிப்பு, பி.எச்.பி. 7.4 இற்குக் கீழானவற்றைக் கைவிட்டது. இங்கே ஒன்றை அவதானிக்க: 7.4 இன் பாதுகாப்புத் திருத்தங்களே 2022 நவெம்பரில் முடிந்துவிட்டன. அதாவது, 'புதிய கீழெல்லை' என்று அவர்கள் குறித்ததே ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் காலாவதியான பதிப்பு. இவ்வளவு மெதுவாக நடந்தும், அவசரப்படுகின்றனர் என்ற முறைப்பாடு எழத்தான் செய்கின்றது. பிரான்சு நாட்டுப் பிறெஸ்ராஷொப் வேறுவழி சென்றது. அதன் 1.7 ஆம் பதிப்பு 2016 இல் வந்தபோது பி.எச்.பி. 5.4 ஐயும் ஏற்றது. 2022 இல் வந்த எட்டாம் பதிப்பு 7.2 இற் தொடங்கிற்று. 2025 இல் வந்த ஒன்பதாம் பதிப்புக்கு 8.1 வேண்டும். பெரிய பதிப்பு மாறும்போது கீழெல்லையையும் உயர்த்தினர்.

மஜென்ரோவின் கதை வேறு. 2008 மார்ச்சில் அமெரிக்காவிற் பிறந்த அது, பெரிய கடைகளின் விருப்பமாக விளங்கிற்று. 2015 இல் வந்த இரண்டாம் மஜென்ரோ, முதலாவதன் திருத்தம் அன்று. வேறொரு மென்பொருள் என்றே சொல்லலாம். முதலாவதற்கு வாங்கிய பிளகின்களும் அலங்காரங்களும் இரண்டாவதிற் பொருந்தா. மாறுவதென்றால் கடையைப் புதிதாகக் கட்டுவது. முதலாவதற்கு 2018 நவெம்பர் என்று குறித்த இறுதி நாளைப் பின்னர் 2020 யூன் 30 வரை நீட்டினர். இதற்கிடையில் 2018 இல் அடோபி கம்பனி மஜென்ரோவை 168 கோடி டொலருக்கு வாங்கிற்று. குறித்த நாள் வந்தது, போயிற்று. அதன் பின்னும் ஏறத்தாழ 95,000 கடைகள் முதலாம் மஜென்ரோவிலேயே இயங்கின என்று நெதர்லாந்தின் சான்செக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது.

அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்து ஒரு வார இறுதியில் நடந்ததை அந்நிறுவனமே பதிவு செய்தது. வெள்ளிக்கிழமை 10 கடைகள், சனிக்கிழமை 1,058, ஞாயிறு 603, திங்கள் 233. ஆக 1,904 கடைகளின் பணம் செலுத்தும் பக்கத்திற் கள்வர் ஒரு சிறு துண்டு நிரலைச் செருகிவிட்டனர். வாடிக்கைக்காரர் தட்டும் கிறெடிற் காட் இலக்கம் கடைக்கும் போகும், கள்வருக்கும் போகும். அக்கடைகளிற் பெரும்பாலானவை முதலாம் மஜென்ரோவில் இருந்தவை. அந்த ஓட்டையைப் பாவிக்கும் முறை சில கிழமைகளுக்கு முன் 5,000 டொலருக்கு விற்பனைக்கு வந்திருந்ததாகவும் சான்செக் தெரிவித்தது. மஜென்ரோவிடமிருந்து திருத்தம் வராது என்று தெரிந்திருந்ததே அதன் விலைக்குக் காரணம். இது பி.எச்.பி.யின் ஓட்டை அன்று, கடை மென்பொருளின் ஓட்டையே. ஆயினும் கைவிடப்பட்ட பதிப்பு என்றால் நடைமுறையில் என்ன பொருள் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. இங்கே நட்டமடைந்தோர் பதிப்பு என்னும் சொல்லையே கேட்டறியாத வாடிக்கைக்காரர் அல்லவா?

பி.எச்.பி.யிலேயே உதாரணம் வேண்டுவோருக்கு 2024 யூன் மாதம் இருக்கின்றது. தாய்வான் நாட்டு ஆய்வாளர் ஒறேஞ்ச் சாய் என்பவர், விண்டோஸ் கணினிகளில் ஒரு குறித்த முறையில் இயங்கும் பி.எச்.பி.யின் உள்ளே அந்நியர் கட்டளை இடக்கூடிய ஓட்டை ஒன்றைக் கண்டார். 2012 இல் அடைத்த ஓட்டையே, எழுத்துருக்களை விண்டோஸ் மாற்றி வாசிக்கும் பழக்கத்தினால் மறுபடி திறந்தது. 8.1, 8.2, 8.3 ஆகிய பதிப்புகளுக்கு உடனே திருத்தம் வெளியாயிற்று. ஓரிரு நாட்களுக்குள் தாக்குதல்களும் தொடங்கின. 8.0 இற்கும், ஏழாம் ஐந்தாம் பதிப்புகளுக்கும் அதே ஓட்டை உண்டு. அவற்றின் காலம் முடிந்துவிட்டமையால் திருத்தம் இல்லை.

மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். அதிற் பதர் மாத்திரம் இல்லை, நெல்லும் உண்டு. பி.எச்.பி.யின் எண்ணை மட்டும் பார்த்து ஒரு கடை ஆபத்தில் இருக்கின்றது என்று முடிவு செய்ய முடியாது. 2014 இல் வந்த றெட் ஹற் ஏழாம் பதிப்பும், அதன் வழிவந்த சென்ற்.ஓ.எஸ். ஏழும் பி.எச்.பி. 5.4 உடன் வந்தன. ஆக்குநர் 5.4 ஐ 2015 இற் கைவிட்டனர். ஆனால் றெட் ஹற் கம்பனி, முக்கியமான திருத்தங்களைத் தானே பழைய பதிப்பிற் கோத்து 2024 யூன் வரை வழங்கிற்று. ஆகவே '5.4 இல் இருக்கின்றோம், ஆயினும் திருத்தம் வருகின்றது' என்று சொன்ன சேவர் நிர்வாகிகள் பொய் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு பழைய பி.எச்.பி.யைப் பராமரிக்கும் கம்பனிகளும் உண்டு. முதலாம் மஜென்ரோவையே கைவிடாமல், புதிய பி.எச்.பி.யில் இயங்குமாறு திருத்தி வரும் ஓப்பன்மேஜ் என்னும் தன்னார்வக் கூட்டமும் உண்டு. மூலம் திறந்திருப்பதன் பயன் இதுவே: ஆக்கியவர் கைவிட்டாலும் விரும்பியவர் எடுத்துத் தாங்கலாம். ஆனால் தாங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். அல்லது காசு வேண்டும். இரண்டும் இல்லாத கடைக்கு இவ்வாதம் நிழல் தராது.

பதிப்பைக் கைவிடுதல் சரியா என்ற கேள்வியைவிட, எப்படிக் கைவிடுவது என்ற கேள்வியே பெரிது என்று நாம் கருதுகின்றோம். அறிவித்தல் எங்கே ஒட்டப்படுகின்றது என்று பாருங்கள். ஆக்குநர் தம்முள்ளே பேசும் இடத்திலே, ஆக்குநர் மொழியிலே, ஆறு மாதத்துக்கு முன் அறிவித்தோம் என்பர். கடைக்காரர் அந்த இடத்தை வாழ்நாளில் ஒருநாளும் எட்டிப் பார்த்தவர் அல்லர். அவருக்கு முதன்முதற் கிடைக்கும் அறிவித்தல், வெறும் வெள்ளைத் திரையே. வேர்ட்பிறெஸ் ஆக்குநர் இதனை உணர்ந்தனர். கீழெல்லையை 5.6 இற்கு உயர்த்த எண்ணியபோது, முதலில் 2019 பெப்ரவரியில் வந்த 5.1 ஆம் பதிப்பில், கடைக்காரர் தினமும் பார்க்கும் பலகையிலேயே 'உமது பி.எச்.பி. பழையது' என்று எளிய மொழியில் எழுதிக் காட்டினர். என்ன செய்வதென்று விளக்கும் பக்கத்திற்கு ஒரு இணைப்பும் கொடுத்தனர். அவ்விணைப்பை ஹோஸ்ற்றிங் கம்பனி தன் சொந்த விளக்கத்திற்குத் திருப்பிவிடவும் வசதி செய்தனர். அதன் பின்னரே, மே மாதத்து 5.2 ஆம் பதிப்பில் எல்லையை உயர்த்தினர். பழைய பி.எச்.பி. உள்ள கடைக்குப் புதிய பதிப்பை அவர்கள் திணிப்பதில்லை. இருப்பதே இருந்து ஓடும். அப்பழைய வேர்ட்பிறெஸ் பதிப்புகளுக்கும் பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் அனுப்பி வந்தனர். 4.1 முதல் 4.6 வரையானவற்றுக்கு அனுப்புவதை நிறுத்தியது 2025 யூலையிலேதான். இவ்வளவு பொறுமையை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. பலகையில் ஒரு வரி எழுதிக் காட்டுவதை எதிர்பார்க்கலாம்.

கீழெல்லையை உயர்த்துவதானால் மென்பொருளின் பெரிய பதிப்பெண்ணையும் மாற்றவேண்டுமா என்று ஆக்குநருள் ஓயாத வாதம் ஒன்று உண்டு. கொம்போசர் போன்ற கருவிகள் பொருந்தாத பதிப்பைத் தாமே விலக்கிவிடுவதால் வேண்டியதில்லை என்பர் ஒரு சாரார். கருவி பாவிப்போருக்கு அது சரி. கோப்புகளைக் கையாலே ஏற்றும் சிறு கடைக்காரருக்கு எண்ணே ஒரே அடையாளம் ஆகையால், மாற்றுவதே நன்று என்பது நமது பக்கம்.

நாள் குறித்தலிலும் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கின்றது. 2011 இல் எடுத்த தீர்மானப்படி, ஒவ்வொரு பி.எச்.பி. பதிப்புக்கும் இரண்டு ஆண்டு முழுப் பராமரிப்பும் ஓர் ஆண்டு பாதுகாப்புத் திருத்தமும் என்று இருந்தது. முடியும் நாள் பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்டமையால் எவர்க்கும் நினைவில் நிற்பதில்லை. 2024 இல் இதனை மாற்றி, பாதுகாப்புத் திருத்தத்தை இரண்டு ஆண்டாக்கி, இறுதி நாள் எப்பொழுதும் டிசெம்பர் 31 என்று வைத்தனர். 8.1 இற்கு 2025 டிசெம்பர் 31, 8.2 இற்கு 2026, 8.3 இற்கு 2027. சுவரிற் கலண்டர் மாற்றும் நாளில் இதனையும் பார்க்கலாம்.

ஈற்றில், நம்மிடையே உள்ள இளைஞருக்கு ஒன்று. இத்தகைய மென்பொருளைக் கொண்டு உறவினருக்கும் ஊரவருக்கும் கடை அமைத்துக் கொடுப்போர் நம்முட் சிலர் உளர். மென்பொருள் இனாம், ஆகவே கூலி கொஞ்சம், வேலை இரண்டு கிழமையில் முடியும், அதன் பின்னர் கடைக்காரரின் ரெலிபோனுக்கு மறுமொழி இல்லை என்று ஆவதும் உண்டு. கடை அமைக்கும் அன்றே, பி.எச்.பி. பதிப்பு இன்னது, அதன் இறுதி நாள் இன்னது, அந்நாளுக்கு முன் இடம் மாற்றிச் சோதித்துத் தருவதற்கு இன்ன கூலி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது எளிது. கடைக்காரரான பெரியோரும் அத்தாளைக் கேட்டு வாங்குங்கள். கூலியைக் கொடுக்கவும் தயங்காதீர்கள். ஏற்கெனவே கடை வைத்திருப்போர் வூகொமேர்ஸில் நிலை என்னும் பக்கத்தைத் திறந்தால், சேவர் பற்றிய பகுதியிற் பி.எச்.பி. பதிப்பு என்று ஓர் எண் எழுதியிருக்கும். அவ்வெண்ணை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வருவோருடன் அமர்ந்து பார்ப்பதற்கு நம்மிற் சிலர் ஆயத்தமாக இருக்கின்றோம். எட்டுக்குக் கீழான எண்ணாயின் அடுத்த கூட்டம் வரை பொறுக்கவும் வேண்டாம். இன்றே கூட்டம் முடிந்தபின் வாருங்கள்.